பிடித்துவிட்டு வெளியே விட்ட வாயு

நிலக்கரியிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ ஹைட்ரஜன் எடுக்கும் ஆலையில், ஹைட்ரஜனைவிட எடையில் பல மடங்கு கரியமில வாயு உண்டாகிறது. இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்து உடைக்கும் முறையில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ வரை. நிலக்கரி என்றால் அதைப்போல இரு மடங்கு. உலகம் இப்போது ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னை நெருங்கிய அளவு ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது. அதில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு வழிகளில்தான் வருகிறது; அதனால் காற்றில் கலக்கும் கரியமில வாயு ஆண்டுக்கு 90 கோடி டன்னுக்கு மேல். இந்த வாயுவைப் பிடித்து நிலத்துக்கடியில் செலுத்திவிட்டால் கிடைக்கும் ஹைட்ரஜனுக்கு ‘நீல ஹைட்ரஜன்’ என்று பெயர் வந்திருக்கிறது. பெயர் அண்மைக்காலத்தது. ஆனால் வாயுவைப் பிடிக்கும் வேலையை ஹைட்ரஜன் ஆலைகள் நூறாண்டுக்கும் மேலாகச் செய்து வருகின்றன. பிடித்ததைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிட்டன என்பதுதான் கதை.

ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் பாஸ்ஃப் நிறுவனம் 1913 செப்டம்பரில் உலகின் முதல் அமோனியா ஆலையை ஓட்டத் தொடங்கியது. ஃபிரிட்ஸ் ஹாபர் ஆய்வுக்கூடத்தில் காட்டிய வினையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தவர் கார்ல் போஷ். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அமோனியா. நைட்ரஜன் காற்றிலிருந்து வந்துவிடும். ஹைட்ரஜனுக்கு எங்கே போவது என்பதே போஷின் பெரிய தலைவலி. தகதகக்கும் கல்கரியின் மீது நீராவியைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த ‘நீர்வாயு’ கிடைக்கும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த செய்தி. முதலில் அந்தக் கலவையைக் கடுங்குளிரில் திரவமாக்கி ஹைட்ரஜனைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அது செலவு மிகுந்த வழி. போஷும் உடன் பணிபுரிந்த வில்ஹெல்ம் வில்டும் வேறு வழி கண்டார்கள். இரும்பு ஆக்சைடும் குரோமியமும் கலந்த வினையூக்கியின் மீது கார்பன் மோனாக்சைடையும் நீராவியையும் சேர்த்து விட்டால், நீராவியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜன் பிரிந்து வரும். கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாக மாறிவிடும். ‘ஷிஃப்ட்’ என்று ஆலைக்காரர்கள் சொல்லும் இந்தப் படி நிலக்கரி, எரிவாயு வழி ஹைட்ரஜன் ஆலைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இன்றுவரை இருக்கிறது.

இப்போது ஹைட்ரஜனோடு கரியமில வாயு கலந்து நிற்கிறது. அதை நீக்காமல் அமோனியா வினைக்கலத்துக்குள் விட முடியாது. ஆக்சிஜன் கலந்த எந்தச் சேர்மமும் அங்குள்ள இரும்பு வினையூக்கியைக் கெடுத்துவிடும். எனவே கலவையைச் சுமார் 25 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் உயரமான கோபுரங்களுக்குள் கீழிருந்து மேலே செலுத்தி, மேலிருந்து தண்ணீரைப் பொழிந்தார்கள். அழுத்தத்தில் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து இறங்கும்; ஹைட்ரஜன் கரையாமல் மேலே போகும். கீழே வந்த தண்ணீரை அழுத்தம் குறைந்த தொட்டிக்கு விட்டதும், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல வாயு பொங்கி வெளியேறும். தண்ணீர் மறுபடி கோபுரத்துக்கு, வாயு வானத்துக்கு. கரியமில வாயுவைப் பிடித்து, ஏறத்தாழத் தூய்மையாகக் கையில் வாங்கி, அப்படியே விட்டுவிடும் வழக்கம் இந்தத் தொட்டியின் மேல்வாயில் தொடங்கியது.

முழுவதையும் விட்டுவிடவில்லை. முதல் உலகப்போரில் ஜெர்மனிக்குக் கந்தக அமிலம் தட்டுப்பாடானபோது, அமோனியாவையும் கரியமில வாயுவையும் ஜிப்சத்தோடு வினைபுரியச் செய்து அம்மோனியம் சல்பேட் உரம் தயாரிக்கும் முறையை பாஸ்ஃப் கையாண்டது. இந்தியா விடுதலைக்குப் பிறகு கட்டிய முதல் பெரிய உர ஆலையான சிந்திரியும் 1951 முதல் இதே ஜிப்ச வழியில்தான் ஓடியது. 1922இல் ஓப்பாவில் அமோனியாவையும் கரியமில வாயுவையும் நேராகச் சேர்த்து யூரியா தயாரிக்கத் தொடங்கினார்கள். ஹைட்ரஜன் ஆலையின் கழிவுக்குக் கிடைத்த மிகப் பெரிய வாடிக்கை யூரியாதான். ஆனால் வயலில் தூவிய யூரியா, மண்ணில் உள்ள நொதியால் சில நாளில் உடைந்து, உள்ளே கட்டுண்டிருந்த கரியமில வாயு முழுவதையும் திரும்ப விட்டுவிடும். பருவநிலைக் கணக்கில் அது பிடிப்பு ஆகாது, சின்னத் தாமதம்.

கல்கரியின் இடத்தை இயற்கை எரிவாயு பிடித்தது அமெரிக்காவில். 1930ஐ ஒட்டி ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் நியூ ஜெர்சி, லூசியானாவின் பேட்டன் ரூஜ் சுத்திகரிப்பு ஆலையில் எரிவாயுவை நீராவியோடு உடைக்கும் ரிஃபார்மர் உலையைத் தொழில் அளவில் ஓட்டியது. 1936இல் பிரிட்டனின் பில்லிங்ஹாமில் ஐசிஐ நிறுவனம் அதைப் பின்பற்றியது. ரிஃபார்மரின் அமைப்பைச் சற்று அருகில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிற்காலச் சண்டைகள் எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கின்றன. வரிசை வரிசையாகத் தொங்கும் உயரமான உலோகக் குழாய்களுக்குள் நிக்கல் வினையூக்கி அடைத்திருக்கும். எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேனும் நீராவியும் குழாய்களின் உள்ளே ஓடும். குழாய்களுக்கு வெளியே, உலைக்குள், எரிவாயு எரிந்து அவற்றை 800, 900 டிகிரி செல்சியசில் வைத்திருக்கும். ஆக, கரியமில வாயு இரண்டு இடத்தில் பிறக்கிறது. குழாய்க்குள் பிறப்பது அழுத்தத்தோடும் அடர்த்தியோடும் ஷிஃப்ட் தாண்டி வருகிறது. மொத்தத்தில் அது ஏறக்குறைய 60 சதவீதம். உலைத் தீயில் பிறப்பது நைட்ரஜனோடு கலந்து, அழுத்தமே இல்லாத புகையாகப் புகைபோக்கி வழியே போகிறது. முதலாவதைப் பிடிப்பது சுலபம், மலிவு. இரண்டாவது கடினம், செலவு. ஹைட்ரஜனைச் சுத்தம் செய்ய முதலாவதை நீக்கினாலே போதும் என்பதால், இரண்டாவதைப் பற்றி வெகுகாலம் யாரும் கவலைப்படவில்லை.

கழுவும் திரவமும் மாறியது. கெர்ட்லர் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் பாட்டம்ஸ் 1930இல் அமீன் கரைசலால் வாயுக்களைக் கழுவும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அமீன் கரியமில வாயுவோடு குளிரில் பிணையும், சூட்டில் விட்டுவிடும். ஒரு கோபுரத்தில் பிடித்து மறு கோபுரத்தில் கொதிக்கவைத்துப் பிரித்துவிடலாம். இன்று மின்நிலையப் புகைபோக்கிகளுக்காகப் பேசப்படும் கரியமில வாயுப் பிடிப்பு பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். 1950களில் அமெரிக்கச் சுரங்கத் துறை ஆய்வாளர்கள் பென்சனும் ஃபீல்டும் சூடான பொட்டாசியம் கார்பனேட் கரைசலைக் கொண்டுவந்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து அது ‘பென்ஃபீல்ட்’ ஆயிற்று, உலகின் உர ஆலைகளில் பரவியது. நிலக்கரியை வாயுவாக்கும் ஆலைகளுக்கு லூர்கியும் லிண்டேயும் கடுங்குளிர் மெத்தனாலால் கழுவும் ‘ரெக்டிசால்’ முறையைத் தந்தன. தென்னாப்பிரிக்காவின் சாசோல்பர்கில் 1950களின் நடுவே அது முதலில் ஓடியது. நெய்வேலியில் 1960களில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா தயாரித்த உர ஆலையும் இந்த நிலக்கரி வாயுவாக்கக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

அடுத்து வந்த மாற்றம் தொழில்நுட்பத்தில் முன்னேற்றம், கரியமில வாயுக் கணக்கில் பின்னடைவு. 1966இல் யூனியன் கார்பைட் ‘பிஎஸ்ஏ’ என்ற முறையை ஹைட்ரஜன் சுத்திகரிப்புக்குக் கொண்டுவந்தது. நுண்துளைகள் நிறைந்த திண்மப் பொருளை அடைத்த கலங்களுக்குள் வாயுக் கலவையை அழுத்தத்தோடு விட்டால், ஹைட்ரஜன் தவிர மற்றவை எல்லாம் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தத்தைக் குறைத்தால் அவை உதிர்ந்துவிடும். கரைசல் வேண்டாம், கொதிகலன் வேண்டாம். பழைய ஈர முறையில் 95, 97 சதவீதத் தூய்மையில் கிடைத்த ஹைட்ரஜன் இதில் 99.9 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அந்தத் தூய்மை பிடித்துப்போனது. 1980களிலிருந்து புதிதாகக் கட்டிய சுத்திகரிப்பு ஆலை ஹைட்ரஜன் அலகுகள் பெரும்பாலும் அமீன் கோபுரத்தையே விட்டுவிட்டன. துளைகளிலிருந்து உதிரும் மிச்ச வாயுவில் ஏறத்தாழப் பாதி கரியமில வாயு, மீதி எரியக்கூடிய வாயுக்கள். அதை அப்படியே ரிஃபார்மர் உலைக்கு எரிபொருளாகத் திருப்பிவிட்டார்கள். எரிபொருள் மிச்சம், ஆனால் தனியே, தூய்மையாகக் கையில் கிடைத்துவந்த கரியமில வாயு இப்போது உலைப் புகையோடு போய்ச் சேர்ந்தது. பருவநிலை பற்றிய பேச்சு உலக மேடைகளுக்கு வந்த அதே ஆண்டுகளில், பிடிக்க எளிதான ஆலைகளைப் பிடிக்கக் கடினமான ஆலைகளாக மாற்றிக்கொண்டிருந்தது தொழில். அதை யாரும் தவறென்று நினைத்திருக்க வழியில்லை. விலை இல்லாத பொருளைப் பத்திரப்படுத்த எந்தப் பொறியாளரும் கோபுரம் கட்டமாட்டார்.

விலை வந்த இடம் டெக்சஸ். வற்றத் தொடங்கிய எண்ணெய் வயலில் கரியமில வாயுவை அழுத்தத்தோடு செலுத்தினால், அது எண்ணெயில் கலந்து அதை இளக்கி, பாறையை விட்டு நகரவைக்கும். 1972இல் ஸ்கரி கவுண்டியின் சாக்ரோக் வயலில், எரிவாயுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பிரித்து வீணாக விட்டுவந்த கரியமில வாயுவைக் குழாயில் கொண்டுவந்து இதைச் செய்தார்கள். பத்தாண்டு கழித்து, 1982இல், ஓக்லஹோமாவின் ஈனிட் நகர உர ஆலை தன் அமோனியா பிரிவின் கரியமில வாயுவை மாநிலத்தின் தெற்கே உள்ள எண்ணெய் வயல்களுக்குக் குழாய்வழி விற்கத் தொடங்கியது. ஹைட்ரஜன் ஆலையின் வாயு நிலத்துக்கடியில் பெருமளவில் போனது இங்கிருந்துதான் எனலாம். பருவநிலையைக் காக்க யாரும் இதைச் செய்யவில்லை. எண்ணெய் எடுக்கச் செய்தார்கள். வாயுவில் ஒரு பகுதி எண்ணெயோடு திரும்ப மேலே வரும், அதைப் பிரித்து மறுபடி கீழே அனுப்புவார்கள்; கடைசியில் பெரும்பகுதி பாறையிலேயே தங்கிவிடும். மேலே வந்த எண்ணெய் எரிந்து விடும் வாயுவை இந்தக் கணக்கில் சேர்ப்பதா என்ற கேள்விக்கு இன்றுவரை எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. வட டகோட்டாவில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கும் கிரேட் பிளெயின்ஸ் ஆலை, ரெக்டிசால் கோபுரத்தில் வரும் கரியமில வாயுவை 2000ஆம் ஆண்டிலிருந்து எல்லை தாண்டி 330 கிலோமீட்டர் குழாயில் கனடாவின் வெய்பர்ன் வயலுக்கு அனுப்பியது. அங்கே பல நாட்டு விஞ்ஞானிகள் பல ஆண்டு தங்கி, பாறைக்குள் போன வாயு எங்கே நகர்கிறது என்று அளந்தார்கள். எண்ணெய்க்காகச் செய்த வேலையிலிருந்து சேமிப்புக்கான அறிவு கிடைத்தது.

சேமிப்புக்காகவே சேமிப்பது என்ற எண்ணம் வேறு ஊற்றிலிருந்து வந்தது. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெத்தி 1977இல் எழுதிய கட்டுரையில், கரியமில வாயுவைப் பிடித்து, ஜிப்ரால்டர் நீரிணை வழியே அட்லாண்டிக்கின் ஆழத்துக்கு இறங்கும் மத்தியதரைக்கடல் நீரோட்டத்தில் விட்டுவிடலாம் என்றார். அவரே ஹைட்ரஜன் பொருளாதாரத்தின் தொடக்ககால ஆதரவாளரும்கூட. கடலில் விடும் யோசனை பின்னாளில் கைவிடப்பட்டது. பாறைக்குள் விடும் யோசனை நின்றது. 1991இல் நார்வே கடலடி எண்ணெய் உற்பத்திக்குக் கரியமில வாயு வரி போட்டது. விளைவாக 1996இல் ஸ்லெய்ப்னர் மேடையில், எரிவாயுவிலிருந்து அமீனால் பிரித்த கரியமில வாயுவைக் கடற்படுகைக்கு அடியில் உட்சிரா என்ற உப்புநீர் மணற்பாறை அடுக்குக்குள் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வீதம் செலுத்தத் தொடங்கினார்கள். அங்கே ஹைட்ரஜன் இல்லை. ஆனால் தூய்மையாகப் பிரித்த வாயுவை வெளியே விட வரி உண்டென்றால், புதைப்பது லாபம் என்பதை ஹைட்ரஜன் ஆலைக்காரர்கள் அங்கே பார்த்துக்கொள்ள முடிந்தது.

அடுத்த பத்தாண்டு பெரிய அறிவிப்புகளின் காலம். 2003 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஃபியூச்சர்ஜென் திட்டத்தை அறிவித்தது: நிலக்கரியிலிருந்து ஹைட்ரஜனும் மின்சாரமும், கரியமில வாயு நிலத்தடியில், செலவு நூறு கோடி டாலர். 2007 டிசம்பரில் இல்லினாயின் மட்டூன் நகரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2008 ஜனவரியில் செலவு கட்டுக்கடங்காமல் போனதைச் சொல்லி அரசு கைவிட்டது. ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட்டில் இயற்கை எரிவாயுவை ஹைட்ரஜனாக்கி மின்நிலையத்தில் எரிக்கவும், கரியமில வாயுவை வட கடலின் மில்லர் வயலுக்கு அனுப்பவும் பிபி நிறுவனம் 2005இல் திட்டம் போட்டது. அரசின் ஆதரவு எப்போது வரும் என்று தெரியாமல், வயலை மூடும் காலமும் நெருங்கிவிட, 2007 மே மாதம் அதுவும் நின்றது. அந்த ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் அரசு கரியமில வாயுப் பிடிப்புக்கு ஆதரவு தர அறிவித்த போட்டியில் நிலக்கரி மின்நிலையப் புகைபோக்கிகளுக்கு மட்டுமே இடம். ஹைட்ரஜன் வழிக்கு இடமே இல்லை. இத்திட்டங்கள் தோற்றதற்குத் தொழில்நுட்பத்தைக் குறைசொல்வது சரியாகாது. ஹைட்ரஜனை வாங்க ஆள் இல்லாத இடத்தில் ஹைட்ரஜன் ஆலையையும் மின்நிலையத்தையும் குழாயையும் ஒரே மூச்சில் கட்டப் பார்த்ததுதான் அவற்றின் பலவீனம். பிற்பாடு உருப்படியாக நடந்தவை எல்லாம், ஏற்கெனவே ஹைட்ரஜன் வாங்கிக்கொண்டிருந்த எண்ணெய் ஆலைகளிலும் உர ஆலைகளிலும்தான் நடந்தன.

இதே காலத்தில் புகைபோக்கிப் புகையைப் பிடிக்கும் கடினமான பாதியைச் சத்தமில்லாமல் செய்து காட்டியவை ஆசிய யூரியா ஆலைகள். நாப்தா என்னும் எண்ணெய்ப் பொருளை உடைத்து ஹைட்ரஜன் எடுத்தால் யூரியாவுக்கு வேண்டியதைவிடக் கரியமில வாயு கூடுதலாகவே வரும். இயற்கை எரிவாயுவுக்கு மாறினால் ஹைட்ரஜன் மிகுந்து கரியமில வாயு பற்றாமல் போகும். அமோனியா மிஞ்சி நிற்க, யூரியாவாக்க வாயு இல்லை என்ற விசித்திரமான நிலை. மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீசும் கன்சாய் மின்சார நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய அமீன் கரைசலைக் கொண்டு, மலேசியாவின் கெடா மாநில உர ஆலை 1999இல் ரிஃபார்மர் புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிடித்தது. 2006இல் உத்தரப் பிரதேசத்தின் ஆவ்ன்லாவிலும் பூல்பூரிலும் உள்ள இஃப்கோ ஆலைகள், 2009இல் காக்கிநாடாவின் நாகார்ஜுனா உர ஆலை என்று நாளொன்றுக்கு 450 டன் பிடிக்கும் அலகுகள் இந்தியாவிலும் வந்தன. தூத்துக்குடியில் ஓர் ஆல்கலி ஆலை 2016இல் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு தயாரிக்கத் தொடங்கியபோது உலகச் செய்தியானது. பத்தாண்டு முன்னரே உர ஆலைகள் அதைவிடப் பெரிய அளவில் செய்ததை யாரும் செய்தியாக்கவில்லை. பிடித்த வாயு வயலில் திரும்பக் காற்றுக்குப் போனது என்பதால் அதைக் குறைத்துப் பேசலாம். ஆனால் ரிஃபார்மர் புகையைப் பிடிக்க முடியாது என்ற பேச்சுக்கு அங்கே விடை இருக்கிறது.

ராட்டர்டாமின் பெர்னிஸ் சுத்திகரிப்பு ஆலையின் கதை வேறுவிதம். ஷெல் நிறுவனம் அங்கே எண்ணெய்க் கசடை வாயுவாக்கி ஹைட்ரஜன் எடுக்கிறது. துணையாகத் தூய கரியமில வாயு வருகிறது. வெஸ்ட்லாந்து வட்டாரத்தின் கண்ணாடிக் கூடங்களில் தக்காளியும் பூக்களும் வளர்ப்பவர்கள், செடிகளுக்குக் கரியமில வாயு ஊட்டுவதற்காகவே கோடையிலும் எரிவாயுவை எரித்துக்கொண்டிருந்தார்கள். 2005இல், பயன்பாட்டில் இல்லாத பழைய எண்ணெய்க் குழாய் ஒன்றைப் பயன்படுத்தி ஓக்காப் நிறுவனம் ஆலையின் வாயுவைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனது. செடிகளுக்குக் குளிர்காலத்தில் அவ்வளவு தேவை இல்லை. மிச்சம் காற்றுக்குப் போனது. அந்த மிச்சத்தைப் பக்கத்து ஊரான பாரன்ட்ரெக்டின் அடியில் வற்றிப்போன இரண்டு எரிவாயு வயல்களில் சேமிக்கத் திட்டம் வந்தது: ஆண்டுக்கு 4 லட்சம் டன். நல்ல பாறை, அருகிலேயே வாயு, அரசின் மானியம், எல்லாம் பொருந்தியிருந்தன. ஒன்றே ஒன்று பொருந்தவில்லை. வயலுக்கு மேலே வீடுகள் இருந்தன. கூட்டங்களுக்கு வந்த அதிகாரிகளும் நிறுவனத்தாரும் ஆபத்து மிகக் குறைவு என்று கணக்குக் காட்டினார்கள்; ஊராரோ, ஏன் எங்கள் ஊர், வீட்டு விலை என்னாகும், முடிவெடுக்குமுன் எங்களை யார் கேட்டது என்றார்கள். நகராட்சியும் ஊராரோடு நின்றது. 2010 நவம்பரில் டச்சு அரசு திட்டத்தைக் கைவிட்டது. அதன் பிறகு நெதர்லாந்தில் இந்தப் பேச்சு எடுத்தாலே கடலுக்கடியில்தான் என்றாகிவிட்டது. ராட்டர்டாம் துறைமுகத்தின் ஹைட்ரஜன் ஆலைகளையும் சுத்திகரிப்பு ஆலைகளையும் இணைத்து, கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி வற்றிய வயல்களுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் டன் அனுப்பும் போர்த்தோஸ் திட்டம் நைட்ரஜன் மாசு குறித்த வழக்கால் தடைபட்டு, 2023 ஆகஸ்டில் நீதிமன்றத் தீர்ப்பு சாதகமாக வந்தபின் அக்டோபரில் இறுதி முதலீட்டு முடிவை எட்டியது.

அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டின் பொருளாதார மீட்புப் பணம் வேலையை நகர்த்தியது. டெக்சசின் போர்ட் ஆர்தரில் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம், வலேரோ சுத்திகரிப்பு ஆலைக்கு ஹைட்ரஜன் தரும் தன் இரண்டு ரிஃபார்மர்களில், ரிஃபார்மருக்கும் பிஎஸ்ஏ கலங்களுக்கும் இடையே கரியமில வாயுவை உறிஞ்சும் அலகுகளைச் செருகியது. முதலாவது 2012 டிசம்பரில், இரண்டாவது 2013 மார்ச்சில் ஓடத் தொடங்கின. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வெஸ்ட் ஹேஸ்டிங்ஸ் எண்ணெய் வயலுக்குப் போனது. செலவில் 28 கோடி டாலருக்கு மேல் அமெரிக்க எரிசக்தித் துறை தந்தது. பிஎஸ்ஏ வந்தபோது தூக்கிப்போட்ட படியை, அரை நூற்றாண்டு கழித்து அரசுப் பணத்தில் திரும்பச் செருகினார்கள்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் தார்மணலிலிருந்து எடுக்கும் பிசுபிசுத்த பிட்டுமனைக் குழாயில் ஓடும் எண்ணெயாக்க ஹைட்ரஜன் ஏராளமாக வேண்டும். எட்மன்டனுக்கு அருகே ஸ்காட்ஃபோர்ட் ஆலையில் ஷெல் அமைத்த குவெஸ்ட் திட்டம், அங்குள்ள மூன்று ஹைட்ரஜன் அலகுகளில் அமீன் கோபுரங்களை நிறுத்தியது. பிடித்த வாயுவை அழுத்தி, 65 கிலோமீட்டர் குழாயில் வடக்கே கொண்டுபோய், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் கேம்பிரியக் காலத்து மணற்பாறைக்குள் விடுகிறார்கள். மேலே உப்புப் படிவ அடுக்குகள் மூடியாக நிற்கின்றன. அந்த ஆழத்தில் அழுத்தமும் சூடும் சேர்ந்து கரியமில வாயுவைத் திரவம் போன்ற அடர்த்திக்குக் கொண்டுவந்துவிடும், அதனால்தான் சிறிய இடத்தில் இத்தனை டன் அடங்குகிறது. எண்ணெய் எடுக்க அல்லாமல், சேமிக்க மட்டுமே ஹைட்ரஜன் ஆலையின் வாயுவைப் பெருமளவில் புதைத்த முதல் இடம் இது. 2015 நவம்பரில் தொடங்கி, 2020க்குள் 50 லட்சம் டன் போய்விட்டது. ஆல்பர்ட்டா அரசு 74.5 கோடியும் கனடிய அரசு 12 கோடியும் கனடிய டாலராகத் தந்தன. வரி செலுத்துவோர் பணம் என்பதால், கட்டுமானத்திலும் ஓட்டத்திலும் கற்றதை வெளியிட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. அடுத்து கட்டுவோருக்கு அந்த அறிக்கைகள் பாடநூலாயின.

ஜப்பானின் ஹொக்கைடோவில் தோமகோமாய் நகரத் துறைமுகத்தில் 2016 ஏப்ரல் முதல் 2019 நவம்பர் வரை, சுத்திகரிப்பு ஆலையின் பிஎஸ்ஏ மிச்ச வாயுவிலிருந்து பிரித்த 3 லட்சம் டன்னைக் கடற்படுகைக்கு அடியில் செலுத்தினார்கள். அளவு சிறிது; இடம்தான் கவனிக்கத் தக்கது. நிலநடுக்க நாட்டில் இதைச் செய்யலாமா என்பதே கேள்வி. 2018 செப்டம்பரில் அருகிலேயே பெரும் நிலநடுக்கம் வந்து ஹொக்கைடோ முழுவதும் மின்சாரம் போனது. சேமித்த வாயு கசிந்ததற்கான அறிகுறி எதுவும் அளவைக் கருவிகளில் தென்படவில்லை.

‘எத்தனை சதவீதம்’ என்ற கேள்வி இதன் பிறகு எழுந்தது. குவெஸ்டில் பிடிப்பது குழாய்க்குள் பிறக்கும் வாயுவில் 80 சதவீதம். உலைப் புகையைத் தொடுவதில்லை. ஆகவே ஹைட்ரஜன் அலகுகள் விடும் மொத்தத்தில் பாதியைச் சுற்றியே அது நிற்கிறது. 2022இல் குளோபல் விட்னஸ் அமைப்பு 48 சதவீதம் என்று கணக்கிட்டது. இது ஒளித்துவைத்த உண்மை ஒன்றும் இல்லை, வடிவமைப்பிலேயே இருந்ததுதான். ஆனால் ‘90 சதவீதம்’ என்று விளம்பரங்களில் படித்தவர்களுக்கு ஏமாற்றமாகப்பட்டது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் ராபர்ட் ஹோவர்த்தும் மார்க் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. எரிவாயுக் கிணற்றிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கசியும் மீத்தேனை 3.5 சதவீதம் என்று வைத்து, அதன் சூடேற்றும் திறனை 20 ஆண்டுக் கணக்கில் மதிப்பிட்டால், நீல ஹைட்ரஜனை எரிப்பதைவிட எரிவாயுவை நேராக எரிப்பதே மேல் என்றார்கள். மறுத்தவர்களும் பலர்; கிறிஸ்டியன் பவரும் இணை ஆய்வாளர்களும் 2022இல், கசிவு குறைவாகவும் பிடிப்பு மிகுதியாகவும் இருந்தால் முடிவே மாறிவிடும் என்று காட்டினார்கள். இரு தரப்பின் எண்களையும் வைத்துப் பார்த்தால் சண்டை ஆலையைப் பற்றியது என்பதைவிடக் கிணற்றைப் பற்றியது. நார்வே எரிவாயுவுக்கும் கசிவு மிகுந்த வயலின் எரிவாயுவுக்கும் ஒரே விடை வராது.

பொறியாளர்கள் உலைப் புகைச் சிக்கலுக்கு வேறு வழி எடுத்தார்கள்: உலையையே நீக்கிவிடுவது. ஆட்டோதெர்மல் ரிஃபார்மரில் வெளித்தீ கிடையாது. வினைக்கலத்துக்குள்ளேயே ஆக்சிஜனை விட்டு எரிவாயுவின் ஒரு பகுதியை எரித்துச் சூட்டைப் பெறுகிறார்கள். கரியமில வாயு அனேகமாக முழுவதும் ஒரே குழாயில், அழுத்தத்தோடு வந்து நிற்கும். 95 சதவீதப் பிடிப்பு எட்டக்கூடியதாகிறது. முறை புதிதல்ல, மெத்தனால் ஆலைகளில் பல பத்தாண்டாக உண்டு. காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் செலவுதான் ஹைட்ரஜன்காரர்களைத் தள்ளிவைத்திருந்தது. பிரிட்டனின் ஹைநெட் உள்ளிட்ட புதிய திட்டங்கள் இந்த வகையையே தேர்ந்தெடுத்தன.

பணக் கணக்கு அமெரிக்காவில் மாறியது. 2008இல் கொண்டுவந்த 45க்யூ வரிச்சலுகை, புதைக்கும் டன்னுக்கு 20 டாலர், எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தினால் 10 டாலர் தந்தது. 2018இல் அது 50, 35 ஆகவும், 2022இல் 85, 60 ஆகவும் உயர்ந்தது. அமோனியா ஆலையில் ஏற்கெனவே தூய்மையாகப் பிரிந்து நிற்கும் வாயுவுக்கு வேண்டியதெல்லாம் ஈரத்தை நீக்கி அழுத்தும் எந்திரமும் குழாயும்தான். 85 டாலருக்கு அது தாராளமாகக் கட்டுப்படியாகும். 2025 ஜூலையில் லூசியானாவின் டொனால்ட்சன்வில் உர வளாகத்தில் சிஎஃப் இண்டஸ்ட்ரீஸ் அப்படி ஒரு நிலையத்தை ஓட்டத் தொடங்கியது. ஆண்டுக்கு 20 லட்சம் டன் வரை எக்சான்மொபில் குழாய்களுக்குப் போகும். சீனாவில் சினோபெக் 2022இல் சீலு வேதி ஆலையின் நிலக்கரி ஹைட்ரஜன் பிரிவிலிருந்து ஷெங்லி எண்ணெய் வயலுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டன் அனுப்பும் திட்டத்தை நிறைவேற்றியது. மறு ஆண்டு அதற்கு 109 கிலோமீட்டர் குழாயும் போட்டது. இந்தியாவில் கொயாலி சுத்திகரிப்பு ஆலையின் வாயுவைக் குஜராத்தின் காந்தார் வயலுக்கு அனுப்ப இந்தியன் ஆயிலும் ஓஎன்ஜிசியும் 2019இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கிய தேசிய இயக்கமோ தண்ணீரைப் பிளந்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜனுக்கானது. உலக அளவில் கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் புதைபடிவ ஹைட்ரஜன் மொத்த உற்பத்தியில் இன்னும் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. மற்ற ஆலைகளில் பெரும்பாலானவை, அமீன் கோபுரம் இருப்பவைகூட, பிரித்த வாயுவைக் காற்றிலேயே விட்டுவருகின்றன.